எடை குறைக்க ஒற்றை ஊசியா, இரட்டை ஊசியா?

எடை குறைக்க வாரம் ஒரு தடவை போடும் ஊசிகளில் செமக்ளூடைட் நல்லதா, டிர்செபடைட் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று ஏற்கெனவே உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, இன்னொன்றைப் போட்டவர் யாரோ உங்களைவிட அதிகம் இளைத்துவிட்டார், அதானே? நான் டாக்டர் இல்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். இரண்டையும் என் வயிற்றிலேயே குத்திப் பார்த்தவள், அவ்வளவுதான்.

டிர்செபடைட் இரண்டு மருந்தின் கலவை இல்லை. ஒரே மருந்து, சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1, ஜிஐபி என்று இரண்டு ஹார்மோன்களின் வேலையைச் செய்கிறது. செமக்ளூடைட் முதலாவதை மட்டும் செய்யும். நிஜக் கலவை என்றால் காக்ரிசெமா: செமக்ளூடைட்டோடு காக்ரிலின்டைட் என்ற இன்னொரு மருந்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் நாத்தனார் 'இரட்டை' என்று கேட்டுவிட்டுத் திங்கள் ஒன்று, வியாழன் ஒன்று போடக் கிளம்பிவிட்டாள். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது.

2023இல் நான் 94 கிலோ. டாக்டர் ஒசெம்பிக் எழுதினார் (செமக்ளூடைட்டின் ஒரு பிராண்ட் பெயர்), 0.25 மில்லிகிராமில் ஆரம்பம். மூன்றாம் நாள் கடுகு தாளித்த வாசனைக்கே குமட்டியது. கால் ரொட்டி மட்டன் பன்னி சௌவை (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றுவது) தனியாக முடிக்கிறவள் ஒரு இட்லியோடு எழுந்தேன். அது லோட் ஷெடிங், அதாவது மின்வெட்டு, உச்சத்தில் இருந்த வருடம். திறந்த ஊசிப் பேனா 30 டிகிரிக்குள் ஆறு வாரம் தாங்கும் என்று தெரியாமல், கரண்ட் போகும்போதெல்லாம் கூலர் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

எடை 86 கிலோவில் நின்றுவிட்டது. 2025இல் டிர்செபடைட்டுக்கு மாறினேன். 2.5 மில்லிகிராமில் தொடங்கி டோஸை மெதுவாக ஏற்றினார்கள். இப்போது 77 கிலோ. ஆனால் என் செமக்ளூடைட் 1 மில்லிகிராமைத் தாண்டவில்லை, எடைக்கான வழக்கமான டோஸ் 2.4. அதனால் என் கணக்கு நியாயமான போட்டி இல்லை. 2025இல் வந்த, இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் 751 பேர், 72 வாரம்: டிர்செபடைட்டில் எடை சராசரி 20.2 சதவீதம் குறைந்தது, செமக்ளூடைட்டில் 13.7. டிர்செபடைட் கம்பெனி நடத்திய ஆய்வுதானே என்பீர்கள். ஆமாம், தெரியும்.

நடுவே கையில் காசில்லாமல் இரண்டு மாதம் நிறுத்தினேன். மூன்று கிலோ திரும்பி வந்தது. அதனால் எது மேல் என்பதைவிட, எதை விடாமல் வாங்க முடியும் என்று முதலில் பாருங்கள்.

என் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இந்த ஊசிக்கு ஒரு காசு தரவில்லை. இது அழகுக்கான மருந்தாம். பிரஷர் மாத்திரைக்கு மட்டும் மாதாமாதம் தந்தார்கள். எடை குறைந்ததும் டாக்டர் அதில் ஒன்றை நிறுத்திவிட்டார். ஊசிச் செலவு என்னுடையது, அந்த மிச்சம் அவர்களுடையது.