மைக்கை மாற்றும் முன் இடத்தை மாற்றுங்கள்

வீட்டு ஒலிப்பதிவு: வாசகர் கேள்வி – பதில்

கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் மைக் வைத்திருக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எந்த மைக் வாங்கலாம்?" என்றே தொடங்குகின்றன. மார்கழி நெருங்குகிறது, பதிவு செய்து அனுப்ப வேண்டிய அவசரம் புரிகிறது. கடைக்குப் போகும் முன் கீழே உள்ள முதல் பதிலை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

வீணை கற்றுக்கொடுக்கிறேன். மாணவிகளுக்குப் பாடங்களைப் பதிவு செய்து அனுப்ப ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020 என்ற கண்டென்சர் மைக் வாங்கினேன். மூன்றடி தள்ளி மேசைமேல் வைத்திருக்கிறேன். வீணையோடு மின்விசிறி, காகம், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாமே விழுகின்றன. டைனமிக் மைக் இரைச்சலை வாங்காது என்கிறார்களே, மாற்றிவிடலாமா?
— வீணை ஆசிரியை, கும்பகோணம்

மாற்ற வேண்டாம் அம்மா. நல்ல மைக்கைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

டைனமிக் மைக் இரைச்சலை வாங்காது என்ற பேச்சு எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியும். மேடையில் பாடகர் அந்த மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறார். குரல் பெரிதாக விழுகிறது. அதனால் சுற்றுச் சத்தம் சிறிதாகத் தெரிகிறது. நெருக்கம் செய்த வேலையை மைக்கின் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டு வகை மைக்குகளையும் உங்கள் மேசையிலேயே அருகருகே வைத்து, இரண்டிலும் வீணை ஒரே அளவில் கேட்கும்படி கெய்னை, அதாவது பதிவு அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகியை, திருகிப் பாருங்கள். காகமும் மிக்ஸியும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கேட்கும்.

மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரம் பாதியாகும்போது, வாத்தியத்திலிருந்து நேரே வரும் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) கூடுகிறது. மின்விசிறியின் இரைச்சலோ அறை முழுவதும் பரவி நிற்பது. மைக்கை ஒன்றரை அடி நகர்த்துவதால் அது கூடிவிடாது. ஆக, மூன்றடியை ஒன்றரை அடியாக்கினால் வீணை இரைச்சலைவிட்டு 6 டெசிபல் மேலே எழும்பி வரும். இரண்டு மடங்கு விலையுள்ள மைக் வாங்கினாலும் இந்த லாபம் கிடைக்காது.

அதற்காக அரை அடிக்கும் கொண்டுபோய்விடாதீர்கள். வீணையின் ஒலி ஒரே புள்ளியிலிருந்து பிறப்பதில்லை. மிக அருகில் வைத்தால் மெட்டில் விரல் உரசுவதும் தந்தியில் நகம் படுவதும் பெரிதாகி, குடத்தின் முழக்கம் காணாமல் போகும். குட்டையான ஸ்டாண்டில் மைக்கைப் பொருத்துங்கள். தரையில் அமர்ந்து வாசிக்கும் உங்களுக்கு எதிரே ஒன்றரை அடி தூரத்தில், சற்று மேலிருந்து, குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் இடையே குடத்தின் பலகையைப் பார்க்கும்படி வையுங்கள். பிறகு நான்கு விரற்கடை இப்படியும் அப்படியும் நகர்த்தி ஹெட்போனில் கேளுங்கள். இந்த நகர்த்தலுக்கு ஒரு மாலைப்பொழுதே போனாலும் பரவாயில்லை. என் தொழிலில் பாதி அதுதான்.

அடுத்தது, மைக்கின் முதுகு. உங்கள் மைக் கார்டியாய்டு வகை: முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். எனவே மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்க வேண்டும். நீங்கள் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டி அமர வேண்டும். இங்கே பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஜன்னல் வழியே வரும் சத்தம் உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரில் மோதித் திரும்பி, மைக்கின் முகத்துக்குள் நேராக நுழையும். ஆகவே மெத்தை விரிப்பைத் தொங்கவிட வேண்டிய இடம் மைக்குக்குப் பின்னால் அல்ல, உங்களுக்குப் பின்னால். இலவம்பஞ்சு மெத்தை ஒன்று இருந்தால் சுவரில் சாய்த்துவையுங்கள். புடவைகள் நிறைந்த பீரோவின் கதவைத் திறந்துவைத்தாலும் பயன் உண்டு. மொசைக் தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள்.

மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். இதில் சமாதானம் கிடையாது. பதிவுக்கு முன் அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒரு கிருதி முடியும்வரை நிறுத்தி, மீண்டும் போடுங்கள்.

புதிய வீட்டுக்குப் பதிவு செய்யப் போனால் நான் முதலில் பெட்டியைத் திறப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கேட்கிற சத்தங்களைத் தாளில் எழுதுவேன். சுவர்க் கடிகாரம், மீன்தொட்டி மோட்டார், அடுக்களை ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜை நிறுத்தினால் என் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவேன். கிளம்பும்போது சாவியைத் தேடியாக வேண்டும். அப்போது மறக்காமல் ஃப்ரிட்ஜையும் போட்டுவிடலாம். அந்த வீட்டுப் பால் கெட்டுப்போகக் கூடாது அல்லவா.

ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறேன். பதிவில் மெல்லிய "உம்" என்ற ஓசை தொடர்ந்து கேட்கிறது. அதைவிட, என் ஆதார ஷட்ஜமே ஏதோ அலைவதுபோல் தோன்றுகிறது. என் சுருதி விலகுகிறதா?
— பாடகி, திருச்சி

உங்கள் காது மிகக் கூர்மையானது. உங்கள் சுருதியில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐம்பது முறை அலைகிறது. அது பதிவுக்குள் கசிந்தால் 50, 100, 150, 200 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வரும். ஐந்து கட்டையின் ஷட்ஜம், அதாவது அடிப்படை "ச", சுமார் 196 ஹெர்ட்ஸ். அருகிலேயே 200-இல் மின்சாரம் ஒலித்துக்கொண்டிருந்தால், இரண்டும் ஒன்றையொன்று உரசி நொடிக்கு நான்கு முறை அலையடிக்கும். நீங்கள் கேட்பது அந்த அலையைத்தான். ஒரு கட்டையில் பாடுபவருக்கு இதே ஓசை இருந்தாலும் ஷட்ஜத்தோடு இப்படி மோதாது. ஏனென்றால் அவருடைய ஷட்ஜம் 131-க்குப் பக்கத்தில் இருக்கிறது.

முதலில் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். பல வீடுகளில் அத்தோடு ஓசை நின்றுவிடும். நிற்கவில்லையென்றால், திருகுகிற மின்னணு ரெகுலேட்டரில் அந்த அறையிலோ அடுத்த அறையிலோ விசிறி மெதுவாக ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த ரெகுலேட்டர் மின்சார அலையை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது; நறுக்கிய விளிம்புகள் ஒயர்களில் "கிர்" என்று ஏறும். இன்வெர்ட்டரில் வீடு ஓடும் நேரத்திலும் பதிவு செய்யாதீர்கள். மைக் ஒயர் இரண்டு முனையிலும் மூன்று பின் உள்ளதாக இருக்கட்டும். அதில் ஒலி இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போவதால், வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் மறுமுனையில் ஒன்றையொன்று அழித்துவிடும்.

பிளக்கின் ஏர்த் பின்னை வெட்டிவிட்டால் ஓசை போகும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உலோக மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறவர் நீங்கள். அந்த மூன்றாவது பின் உங்கள் உயிரைக் காக்க இருக்கிறது.

எங்கள் தெருவைச் சுற்றி விசைத்தறிகள். அறை முழுக்க முட்டை அட்டை ஒட்டினேன், பிறகு ஸ்பாஞ்சும் ஒட்டினேன். தறிச் சத்தம் குறையவே இல்லை. வேறு என்ன ஒட்டலாம்?
— கல்லூரி மாணவர், பள்ளிபாளையம்

எதையும் ஒட்டாதே தம்பி, காசு மிச்சமாகட்டும். அறைக்குள் எதிரொலிக்காமல் செய்வது ஒரு வேலை. வெளிச்சத்தத்தை உள்ளே விடாமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. ஸ்பாஞ்ச் முதல் வேலையை ஓரளவு செய்யும். முட்டை அட்டை அதைக்கூடச் சரியாகச் செய்யாது. தடுப்பதற்குக் கனம் வேண்டும், சந்து பொந்து இல்லாத அடைப்பு வேண்டும். தறியின் அடி அதிர்வு தரை வழியாகவே வருகிறது. அதற்கு அறைக்குள் இன்னோர் அறை கட்ட வேண்டும். வாடகை வீட்டில் அது நடக்காது.

தறி ஓடாத நாளைத் தேர்ந்தெடு. ஷிப்ட் மாறும் இடைவெளியிலும் ஒரு பாட்டைப் பதிவு செய்துவிடலாம். குரல் மட்டும் என்றால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியைப் போட்டுக்கொள். மிருதங்கத்துக்கு அதைப் போட்டுவிடாதே, தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதியைப் பயன்படுத்துகிறேன். இரைச்சல் சுத்தமாகப் போகிறது. ஆனால் குரல் தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல் கேட்கிறது. எந்த அளவில் வைக்க வேண்டும்?
— வாசகர், மதுரை

இதற்குப் பதில் சொல்லும் முன் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், எண்பதைக் கடந்த ஒரு வீணைக் கலைஞரை அவர் வீட்டுக் கூடத்திலேயே பதிவு செய்தேன். மே மாதம். அவரால் வெக்கையைத் தாங்க முடியவில்லை, விசிறியை ஓடவிட்டேன். இரைச்சலைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அன்று இரவே கணினியில் உட்கார்ந்து மிச்சமில்லாமல் துடைத்தெடுத்தேன். அமைதியாக இருந்தது, மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியில், துடைத்ததை அசல் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து நிதானமாகக் கேட்டபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு மீட்டுக்கும் பின் தந்தி மெல்ல மெல்லக் கரைந்து ஓய்கிற அந்த வால் எங்கும் இல்லை. ஒரே மீட்டில் இழுத்த கமகங்கள் பாதியிலேயே அறுந்திருந்தன. மறுபடி வாசிக்கக் கேட்கலாம் என்று இருந்தேன். அவர் அந்த ஆண்டு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அவருடைய மகளிடம் இன்று இருப்பது அந்த அறுந்த பதிவுதான்.

இரைச்சலைவிட ஓங்கியிருப்பதை வைத்துக்கொண்டு, அதன் அளவுக்குத் தாழ்ந்ததை அந்த மென்பொருள் அடக்கிவிடுகிறது. ஓய்ந்துகொண்டே போகும் தந்தியும், தந்திக்கடியில் வைத்த நூலால் எழும் தம்புராவின் ஜீவாளி ரீங்காரமும் ஒரு கட்டத்தில் இரைச்சலின் உயரத்துக்கே இறங்கிவிடும். அதன்பின் அதற்கு எது சங்கீதம், எது விசிறி என்று தெரியாது.

எனவே அசலைத் தனியே நகலெடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பதிவின் தொடக்கத்தில் யாரும் அசையாமல் பத்து நொடி அறையின் அமைதியைப் பிடியுங்கள். மென்பொருளுக்கு மாதிரியாகக் காட்ட வேண்டியது அந்தப் பகுதியைத்தான். நீக்கும் அளவை 6 டெசிபலில் வையுங்கள். போதவில்லையென்றால் 8. நீக்கப்பட்டதை மட்டும் தனியே கேட்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. அங்கே குரலின் நிழல் சிறிதாவது கேட்டால் அளவைக் குறையுங்கள். தம்புராவை முடிந்தால் தனியாகப் பதிவு செய்து பின்னர் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடும்போது ஹெட்போனில் ஒரு காதில் கேட்டுக்கொள்ளலாம்.

கைபேசியில் பதிவு செய்பவர்களுக்கும் இது பொருந்தும். சில கைபேசிகள் கேட்காமலேயே இரைச்சலை நீக்குகின்றன. விட்டுவிடாமல் ஒலிக்கும் தம்புராவை விசிறி என்றே எண்ணி மங்கவைக்கின்றன. அந்த வசதியை அணைக்க முடிகிற பதிவுச் செயலியாகப் பாருங்கள்.

மிருதங்கம் வாசிக்கிறேன், தங்கை பாடுவாள். ஒரே ஒரு மைக்தான் வாங்க முடியும். இரைச்சல் குறைந்தது எது?
— மிருதங்க மாணவர், சென்னை

மைக்குக்கென்றே ஓர் உள் இரைச்சல் உண்டு. முதல் கேள்வியில் வந்த ஏ.டி.2020-க்கு அது 20 டெசிபல். ரோடு (Rode) நிறுவனத்தின் என்.டி.1-க்கு 5-க்கும் குறைவு. வீணை, தம்புரா, மெல்லிய குரல் ஆகியவற்றை மிக அமைதியான அறையில் பிடிப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. உங்கள் தெருவில் தண்ணீர் லாரி நிற்கும்போது அது காதில் விழவே விழாது. மிருதங்கத்துக்கு அந்த எண்ணைப் பார்க்கவே தேவையில்லை.

1965 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்.எம். 57 டைனமிக் மைக்கை வாங்குங்கள். வலந்தலையின் அடியை அசராமல் தாங்கும், தங்கை நாலு விரற்கடைத் தூரத்தில் பாடினாலும் நன்றாக இருக்கும். உதட்டுக் காற்று அடிக்காமல் ஒரு வடிகட்டித் திரை மட்டும் வேண்டும். கையிலிருந்து விழுந்தாலும் எளிதில் கெடாது. இருவரையும் ஒரே நேரத்தில் அந்த ஒரு மைக்கில் பிடிக்க முயலாதீர்கள். மிருதங்கம் அவளை மூழ்கடித்துவிடும். அவள் முதலில் தாளத்தோடு பாடட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டே பிறகு வாசியுங்கள்.

கடற்கரையை ஒட்டிய வீடு. ஐப்பசி பிறந்தால் என் கண்டென்சர் மைக்கில் "படபட" என்று வெடிக்கிறது. பழுதாகிவிட்டதா?
— வாசகி, நாகப்பட்டினம்

பெரும்பாலும் ஈரம்தான். உள்ளே மெல்லிய தகடு மின்னேற்றம் தாங்கி நிற்கிறது. ஈரக்காற்று படிந்தால் அந்த மின்னேற்றம் விட்டுவிட்டுக் கசிந்து வெடிப்பாகக் கேட்கும். பதிவு முடிந்ததும் ஸ்டாண்டிலேயே விட்டுவிடாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு நாள் மூடிவையுங்கள். அடுப்பருகேயும் வெயிலிலும் காயவைக்க வேண்டாம். நீல நிற ஜெல் ரோஜா நிறமானால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று பொருள். புதிய பொட்டலம் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் வெடித்தால் எனக்கு எழுதுங்கள்.