கதைத்துக்கொண்டு ஓடும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. முதல் முழு மரதனுக்குப் பயிற்சி எடுக்கிறேன். நாலு மணித்தியாலத்துக்குள் முடிக்க ஆசை. ஞாயிறுதோறும் திருகோணமலை டவுனிலிருந்து நிலாவெளிக்குப் போய்த் திரும்புகிறேன், 28 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 20 செக்கன் பிடிக்கிறேன். ஆனால் 20 தாண்டினால் கால் கல்லாகிவிடுகிறது. செவ்வாய்வரை படி இறங்க முடியவில்லை. சப்பாத்தை மாற்றவா? ஓடும்போது சாப்பிடுகிற ஜெல் ஏதாவது எடுக்கவா?

உப்புவெளி வாசகன்

அன்புள்ள தம்பி,

உம்முடைய கடிதம் வந்தபோது நானும் அந்த நிலாவெளி வீதியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் என்னை ஓடப் பழக்கிய அண்ணாவின் முப்பத்தோராம் நாள் போன கிழமைதான் முடிந்தது.

சப்பாத்து காலுக்குப் பொருந்தினால் போதும். போட்டியன்று மட்டும் புதிதாக ஒன்றும் போடாதீர். ஜெல் இல்லாவிட்டால் வாழைப்பழம், பேரீச்சம்பழம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி ஆளை விழுத்திவிடும். தாகத்துக்குக் குடியும், கொஞ்சம் உப்பும் தேசிக்காயும் சேர்த்துக் குடியும். சரி, அது அவ்வளவுதான்.

உம்முடைய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. 42.195 கிலோமீற்றரை நாலு மணித்தியாலத்தில் முடிக்க, கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 41 செக்கன் போதும். நீர் பயிற்சியிலேயே 5:20இல் ஓடுகிறீர். போட்டியைவிட வேகமாக, அதுவும் ஒவ்வொரு ஞாயிறும்! யாருக்குக் காட்ட தம்பி? கைத்தொலைபேசியில் உம்முடைய நேரத்தைப் பார்த்துக் கைதட்டுகிற கூட்டாளிமார் செவ்வாய்க்கிழமை உம்மைப் பிடித்துப் படி இறக்கப் போவதில்லை.

தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைக்கிற மாச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிதான். விரட்டி ஓடினால் அதுதான் முதலில் தீரும். ஆறுதலாக ஓடினால் கொழுப்பை எரிக்க உடம்பு பழகும். தசைக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கூடும். இது மாதக்கணக்கில் வருகிற பழக்கம். 1960இல் ரோமில் 800 மீற்றர் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல்லின் ஓட்டம் இரண்டு நிமிடம்கூட இல்லை. அவரையே பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் ஞாயிறுகளில் 35 கிலோமீற்றர் மலைப்பாதையில் ஓடவிட்டார். நீண்ட ஓட்டம் எதற்கு என்று இனியாவது யோசியும்.

அண்ணாவிடம் கைக்கடிகாரம் இருக்கவில்லை. இடுப்புத் துவாயில் அரைப் போத்தல் தண்ணீரைச் செருகியிருப்பார். அது சளக், சளக் என்று ஒரே தாளத்தில் அடிக்க வேண்டும். தாளம் நெருங்கினால், “கூடிப்போச்சு” என்று இரண்டு விரலால் என் முழங்கையில் தட்டுவார். அப்புறம் ஒரு கேள்வி: “நேற்று வீட்டில என்ன கறி?” பாரைக்குழம்பு என்று மட்டும் சொன்னால் விடமாட்டார். மீனை யார் வாங்கினது, புளி கூடிப்போச்சா, எல்லாம் மூச்சு வாங்காமல் சொல்ல வேண்டும். சொல் முறிந்தால் அந்த இடத்திலிருந்து இருவரும் நடைதான்.

2002இல் போர்நிறுத்தம் வந்த பிறகுதான் விடியமுன் அந்த வீதியில் இறங்கத் துணிந்தோம். இராணுவச் சென்றிகள் அப்போதும் இருந்தன. இருட்டில் ஓடிவருகிறவனைத் துவக்கோடு நிற்கிறவன் என்னவென்று நினைப்பான்? நூறு மீற்றருக்கு முன்பே நடப்போம். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, முதுகு மறையும்வரை நடந்து, பிறகுதான் ஓடுவோம். அந்த நடையை நான் எவ்வளவு வெறுத்தேன்! ஆனால் அந்த இரண்டு வருடமும் எனக்கு ஒரு நோவும் வரவில்லை.

பிறகு சென்றிகள் எடுபட்டன. அண்ணா மகளோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். நான் கடிகாரம் வாங்கினேன். நிலாவெளி மட்டும் ஒரே மூச்சு, திரும்ப ஒரே மூச்சு. பத்தாவது கிழமை கணைக்கால் எலும்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. நாலு மாதம் சப்பாத்துப் போடவில்லை. தொலைபேசியில் சொன்னபோது அண்ணா கேட்டது ஒன்றுதான்: “யாரோட கதைச்சுக்கொண்டு ஓடினனி?”

தம்பி, எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உமக்குக் கிலோமீற்றருக்கு 6:30 சரி. கச்சான் வீசுகிற மாதங்களில் 6:45 ஆனாலும் குறைவில்லை. நாலு மணிக்கு வெளிக்கிட்டால், திரும்பும்போது இடது பக்கம் கடலில் சூரியன் வந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. வேகம் வேண்டுமென்றால் கிழமை நடுவில் ஒருநாள் மைதானத்தில் ஓடும். ஞாயிறைத் தொடாதீர்.

வருகிற ஞாயிறு நாலு மணிக்குக் கோட்டை வாசலுக்கு வாரும். சாம்பல்தீவுப் பாலம்வரை நானும் வருவேன். கடிகாரத்தை வீட்டில் வையும். அரைப் போத்தல் தண்ணீர் நான் கொண்டுவருகிறேன்.