ரோமில் எங்கே தங்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: முதல் தடவையாக ரோம் போகிறோம். நானும் கணவரும், நான்கு இரவு. டெர்மினி ரயில் நிலையம் பக்கம் வாடகை குறைவாக இருக்கிறது. அங்கேயே அறை போட்டுவிடலாமா?

பதில்: நான்கே இரவு என்றால் வேண்டாம் என்பேன். டெர்மினி வசதியான இடம்தான். மெட்ரோவின் ஏ, பி தடங்கள் சந்திப்பதே அங்கேதான். ஆனால் ரோம் தன் முழு அழகைக் காட்டுவது விடிகாலையிலும் இரவிலும். பகலில் த்ரேவி நீரூற்றின் முன் நிற்க இடம் கிடைக்காது. காலை 6 மணிக்குப் போனால் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்கலாம். நினைத்தவுடன் எழுந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில் அறை இருக்க வேண்டும். கூடுதல் வாடகை அதற்குத்தான். பாந்தியன், நவோனா சதுக்கத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் முதலில் தேடுங்கள். காம்போ தே ஃபியோரி சதுக்கத்தை ஒட்டிய அறை மட்டும் வேண்டாம், இரவில் இரைச்சல் அதிகம். அங்கெல்லாம் விலை கட்டுபடியாகாவிட்டால் மோன்ட்டி பகுதியைப் பாருங்கள். பழைய ரோமில் எளிய மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சுபுர்ரா இந்தப் பக்கம்தான் இருந்தது. கொலோசியத்துக்கு நடந்தே போகலாம், காவூர் மெட்ரோ நிலையமும் அருகில். தெருக்கள் ஏற்ற இறக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: ஐயா, அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. வாடிகனைப் பார்ப்பதுதான் அவர் ஆசை.

பதில்: யோசிக்கவே வேண்டாம், வாடிகனை ஒட்டிய பிராத்தியில் தங்குங்கள். 1871-இல் ரோம் இத்தாலியின் தலைநகரான பிறகு எழுந்த பகுதி. சமதரை, நேரான அகலத் தெருக்கள், ஒழுங்கான நடைபாதை. பழைய நகரத்தில் காலுக்கடியில் சாம்பியெத்ரீனி என்ற சின்னச் சின்னக் கருங்கற்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது தண்டனை. ஒத்தாவியானோ மெட்ரோ நிலையம் பக்கம் தங்கினால் பேராலயத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் மெதுவாக நடந்து போகலாம். அறை பதிவு செய்யும் முன், லிஃப்ட் உண்டா என்பதோடு நிறுத்தாமல், லிஃப்டை அடைய எத்தனை படி ஏற வேண்டும் என்றும் கேளுங்கள். நான் என் மாமியாரை அழைத்துப் போனபோது, லிஃப்டுக்கு முன்னால் ஒன்பது படி இருந்தது. பாவம், ஒவ்வொரு நாளும் கஷ்டப்பட்டார்.

கேள்வி: எல்லோரும் திராஸ்தேவெரே என்கிறார்களே?

பதில்: அழகான பகுதி. சாயங்காலம் போய் ஆசை தீர உலாவுங்கள். தூக்கம் முக்கியம் என்றால் சாந்தா மரியா ஆலயச் சதுக்கத்தின் பக்கம் அறை எடுக்காதீர்கள். நள்ளிரவு தாண்டியும் கூட்டம் பேசிக்கொண்டிருக்கும். பகுதியின் நடுவே போகும் பெரிய சாலைக்குக் கிழக்கே, சாந்தா செசிலியா ஆலயத்தின் பக்கம் அமைதி. மெட்ரோ கிடையாது, 8-ஆம் எண் டிராமும் பேருந்தும்தான்.

கேள்வி: தனியாகப் போகும் பெண் நான். கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது.

பதில்: தோழி, கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதிகளைப் பாருங்கள். ரோமில் நிறைய உண்டு. அறை எளிமையாக, சுத்தமாக இருக்கும். எந்த மதத்தவரும் தங்கலாம். பலவற்றில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்குமேல் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் முழுப் பணமும் கட்டியாயிற்று. போனமுறை விடுதியில் இன்னும் கேட்டார்கள். ஏமாற்றா?

பதில்: இல்லை, அது மாநகராட்சி வரி. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். மூன்று நட்சத்திர ஹோட்டலில் 6 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 7.50. இரண்டு பேர் நான்கு இரவு மூன்று நட்சத்திரத்தில் தங்கினால் 48 யூரோ. 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கிடையாது. விலைகளை ஒப்பிடும்போது இதையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஃப்ளாரன்ஸிலிருந்து வாடகைக் காரில் வருகிறோம். பார்க்கிங் உள்ள ஹோட்டல் நல்லதா?

பதில்: ரோமுக்குள் நுழைந்ததும் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய நகரம் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா எண்ணைப் படம் பிடித்துவிடும். ஊர் திரும்பிய பிறகுதான் அபராதம் வந்து சேரும்.

கேள்வி: ஆகஸ்டில் போகிறோம். ஏசி இல்லாத அறை மலிவாக இருக்கிறது.

பதில்: எடுக்காதீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த கல்சுவர் இரவிலும் சூட்டைக் கக்கும். ஜன்னலைத் திறந்தால் தெருச் சத்தம் உள்ளே வரும்.