சென்டர் டிஃப் போடலாமா, நேரடி ஷாஃப்ட்டே போதுமா?

கேள்வி: அண்ணா, தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1/10 அளவு ரிமோட் ஷார்ட் கோர்ஸ் ட்ரக், 4×4, பிரஷ்லெஸ் மோட்டார், 3 செல் லிப்போ பேட்டரி. நடுவில் ஸ்லிப்பரும் (அதிர்ச்சி வந்தால் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச்) நேரடி ஷாஃப்ட்டும்தான். பெரும்பாலும் மைதானத்தில் ஓட்டுவேன், எப்போதாவது காசிமேடு மணலில். த்ராட்டிலைத் தொட்டாலே முன்பக்கம் தூக்கிக் கவிழ்கிறது. ஸ்பர் கியர் (மோட்டார் சுற்றும் பெரிய பல்சக்கரம்) பல்லும் அடிக்கடி போகிறது. சென்டர் டிஃப் (முன், பின் அச்சுகளை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல்) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். செலவு பண்ணலாமா?

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. தூக்குவது வெகுவாகக் குறையும். ஸ்பர் பல் போவது வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நேரடி ஷாஃப்ட்டில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். நீங்கள் த்ராட்டிலை அழுத்தியதும் எடை பின்னால் சாய்கிறது, முன் டயருக்குத் தரையில் பிடி இல்லை, மோட்டாரின் மொத்த இழுவையும் பின் டயரில் போய் விழுந்து மூக்கைத் தூக்குகிறது. டிஃப் இருந்தால் எந்தப் பக்கம் லேசாக இருக்கிறதோ அந்தப் பக்கம் வேகமாகச் சுற்றிக்கொள்ளும். முன் சக்கரம் காற்றில் விர்ரென்று சுற்றும், டயர் தோசைக்கல் மாதிரி விரிந்து மெலிந்து நிற்கும், ஆனால் வண்டி கவிழாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிஃப் இரண்டு பக்கத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும், அதனால் முன் சக்கரம் சும்மா சுற்றும்போது பின் சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும். உள்ளே ஊற்றும் சிலிகான் ஆயில் எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்கு இந்தக் குறை சரியாகும். காசிமேடு உதிரி மணலில் மெல்லிய ஆயில் போட்ட டிஃப்போடு இறங்கினால் இழுவை கரைந்துபோவது உங்களுக்கே தெரியும். அங்கே நேரடி ஷாஃப்ட்தான் ராஜா.

கெட்டித் தரையில் நிலைமை தலைகீழ். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட நீண்ட வட்டத்தில் போகிறது. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், சிமென்ட் ரோட்டில் அப்படி வழுக்காது, அந்த இறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டுக்கும் கியருக்கும்தான் போகிறது. 1/8 அளவு பந்தய பகி வண்டிகளில் சென்டர் டிஃப் இல்லாமல் பார்ப்பதே அரிது, வளைவிலும் ஜம்ப் முடிந்து இறங்கும்போதும் அவ்வளவு உதவி. ஸ்லாஷ் 4×4 மாதிரி வண்டிகள் ஸ்லிப்பரோடு வருவதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன், சும்மா ஜாலியாக ஓட்டுகிறவருக்கு அது போதும்.

சரி, ஸ்பர். பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று, பினியனுக்கும் (மோட்டார் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) ஸ்பருக்கும் இடையே இடைவெளி சரியில்லை. நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்றை இரண்டுக்கும் நடுவே விட்டு மோட்டாரை அழுத்தி முடுக்குங்கள், தாள் கிழியாமல் மடிப்பு விழுந்து வெளியே வர வேண்டும். மோட்டார் திருகுகள் தளர்ந்திருந்தால் இதைச் செய்தும் பயனில்லை, த்ரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடுங்கள். இன்னொன்று, ஸ்லிப்பரை முழுக்க முடுக்கி வைத்திருப்பது. நம் பசங்க முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான். நின்ற இடத்திலிருந்து முழு த்ராட்டில் கொடுத்தால் முதல் ஓரடி ஈரடிக்கு ஸ்லிப்பர் வழுக்கும் சத்தம் லேசாகக் கேட்க வேண்டும், அந்த அளவுக்குத் தளர்த்துங்கள். ஜம்ப்பில் காற்றில் இருக்கும்போது த்ராட்டிலை அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள். ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பஞ்ச் செட்டிங், அதாவது த்ராட்டில் எடுப்பின் வேகம், இருந்தால் குறையுங்கள். இதற்கெல்லாம் பைசா செலவில்லை, கவிழ்வதும் பாதி அடங்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் மைதானத்தில் வளைவு பிடிபடவில்லை என்றால் டிஃப் வாங்குங்கள். இந்த வகை ட்ரக்குக்கான கிட் பெரும்பாலும் ஸ்லிப்பர் இருக்கும் இடத்திலேயே உட்காரும், அதாவது ஸ்லிப்பர் போய்விடும், அதிர்ச்சியை இனி டிஃப்தான் தாங்க வேண்டும். பந்தய பகிக்காரர்கள் சொல்லும் 5,000, 7,000 சிஎஸ்டி (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) ஆயில் உங்களுக்கு வேண்டாம். 30,000-இல் ஆரம்பியுங்கள், முன் டயர் சுற்றும்போது ரொம்ப விரிந்தால் 50,000-க்குப் போங்கள், மணலே அதிகம் என்றால் 1,00,000 வரை போகலாம். ஓட ஓடச் சூடேறி ஆயில் இளகும், மே மாத வெயிலில் இன்னும் சீக்கிரம். ஷாக் அப்சார்பர் ஆயிலை எடுத்து டிஃப்பில் ஊற்றிவிடாதீர்கள், அது இதற்கு முன்னால் தண்ணீர் மாதிரி. உள்ளே கியர் ஊசிகள் மூழ்கும் வரை ஊற்றி, விளிம்பிலிருந்து ஒரு நூல் இடம் விட்டு, குமிழி அடங்கும் வரை காத்திருந்து மூடுங்கள். மூடித் திருகுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேஸ்கெட் வழியாகக் கசியும்.

எதைப் போட்டாலும் காசிமேட்டிலிருந்து வந்த அன்றே உப்பையும் மணலையும் தட்டித் துடைத்து, பேரிங்குகளுக்கு ஆயில் விடுங்கள். ஒரு வாரம் அப்படியே கிடந்தால் பாரிமுனையில் பேரிங் கடை தேடிப் போக வேண்டியதுதான்.