வராத படத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா?

கேள்வி: எனக்கு 20 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். என் மாமா விட்டுப்போன தகரப் பெட்டியில் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் நிறைய இருந்தன. அவற்றை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கப் பழகினேன். பிறகு கைத்தொலைபேசியில் ஆங்கிலக் காமிக்ஸ். பேட்மேன் என்றால் எனக்கு உயிர். இனி வரப்போகும் படங்களை நினைத்தால் கோபம் வருகிறது. அயர்ன்மேனாக நடித்த ரொபர்ட் டவுனி ஜூனியரையே டொக்டர் டூமாக நடிக்க வைப்பது பெரும் பிழை. 2025 இல் வந்த சூப்பர்மேன் படத்தில் அவர் தொடக்கத்திலேயே அடி வாங்கிப் பனியில் கிடக்கிறார். இவரெல்லாம் ஒரு வீரரா? ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகனோடு ஒவ்வொரு கிழமையும் இதைப் பற்றிக் கதைப்பேன். அண்ணா பத்து வயதில் ஓர் உறவினரோடு அனுப்பப்பட்டவர், பெரியம்மா பல வருடங்கள் கழித்துத்தான் போனார். அவருக்குச் சூப்பர்மேன்தான் எல்லாம். "வராத படத்தை எப்படி ஏசுவாய்?" என்று கேட்டார். வாய்த்தர்க்கம் முற்றி இப்போது பேச்சில்லை. "இந்த வயதிலும் படக்கதைப் பைத்தியமா?" என்று அப்பாவும் ஏசுகிறார். இதையெல்லாம் விட்டுவிட வேண்டுமா? கையில் இருக்கும் காசுக்கு எந்தப் படத்தைப் பார்க்கலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொக்குவில்

பதில்: அன்புள்ள தம்பி, விட்டுவிட வேண்டாம். உங்கள் கடிதத்தை வாசிக்கும்போதே தெரிகிறது, நீங்கள் மேலோட்டமாக வாசிக்கிறவர் இல்லை. ஒரு பாத்திரத்தை இவ்வளவு நெருக்கமாக அறிந்து வைத்திருப்பது வீண் வேலை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் உங்கள் கோபத்துக்குள் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் கலந்து கிடக்கின்றன. பேட்மேன் எப்படிப்பட்டவர், டூம் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் சொல்பவை வாசித்துச் சம்பாதித்தவை. அவற்றை யாருக்காகவும் கைவிடாதீர்கள். வரப்போகும் படம் கெட்டுப்போகும் என்று சொல்வது இன்னும் சம்பாதிக்காதது. அண்ணா கேட்ட கேள்வி நியாயமானது. அவர் கேட்ட தொனி உங்களைச் சுட்டிருக்கலாம், அது வேறு விடயம்.

மாற்றம் என்றதும் உங்களுக்குக் கோபம் வருகிறது. நீங்கள் உயிராக நினைக்கும் பேட்மேனையே எடுத்துக்கொள்வோம். 1939 இல் பொப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கிய அந்த முதல் பேட்மேன் துப்பாக்கி வைத்திருந்தார், எதிரிகளைக் கொன்றும் இருக்கிறார். கொல்வதில்லை என்ற விரதம் பதிப்பாசிரியர் தலையிட்ட பிறகு வந்தது. இன்று அந்த விரதம் இல்லாத பேட்மேனை உங்களால் ஏற்க முடியுமா? மாளிகைக்கு அடியில் இருக்கும் அந்தக் குகையைப் பிரபலமாக்கியது 1943 இல் வந்த திரைத்தொடர். அதுவரை காமிக்ஸில் குண்டாக இருந்த வேலையாள் அல்ஃபிரட், அந்தத் தொடரில் நடித்தவரைப் போல மெலிந்து மீசை வைத்துக்கொண்டார். பேட்மேனின் எதிரி ஜோக்கரின் கூட்டாளியான ஹார்லி குவின் 1992 இல் தொலைக்காட்சிக் கார்ட்டூனில் பிறந்து பிறகுதான் அச்சுக்கு வந்தார். சூப்பர்மேனும் இப்படித்தான். 1938 இல் அவருக்குப் பறக்கத் தெரியாது, தாவ மட்டுமே தெரியும். அவரை வீழ்த்தும் கிரிப்டோனைட் கல் 1943 இல் வானொலி நாடகத்தில் முதலில் கேட்டது.

இவ்வளவையும் சொல்வது, எந்த மாற்றத்தையும் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதற்காக இல்லை. மாற்றப்பட்டதா என்று கேட்பதை விட, எது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். உடை, நிறம், ஊர், வயது எதுவும் மாறலாம். அந்த ஆளை அந்த ஆளாக ஆக்கும் காயம் ஒன்று இருக்கிறதே, அதைத் தொட்டால்தான் நான் சண்டைக்கு வருவேன்.

அந்த அளவுகோலால் பார்த்தால் டூம் விடயத்தில் உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது. 1962 இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த பாத்திரம் அது. லட்வீரியா என்ற சிறு நாட்டின் அரசன், ரோமா இனத்தில் பிறந்தவன், தாயை இழந்தவன், உலகைக் காக்கத் தன்னால் மட்டுமே முடியும் என்று முழுமனதோடு நம்புகிறவன். அவனுடைய கர்வம் முழுவதும் அந்த இரும்பு முகமூடிக்குள் இருக்கிறது. முகத்தை யாருக்கும் காட்டாதவன் அவன். 2024 ஜூலையில் சான் டியேகோ காமிக்ஸ் விழா மேடையில் முகமூடியைக் கழற்றி, "உள்ளே இருப்பது யார் பாருங்கள்" என்பதுபோலத்தான் அவனை அறிமுகப்படுத்தினார்கள். அரங்கம் அதிர்ந்தது. எனக்கு நெருடியது. பார்வையாளர் அந்த முகத்தில் அயர்ன்மேனான டோனி ஸ்டார்க்கைத் தேடிக்கொண்டிருந்தால் டூமுக்கு இடம் எங்கே? படம் அந்த நினைவைச் சுரண்டிப் பிழைக்குமானால் நீங்கள் சொன்னது சரியாகிவிடும்.

அப்படி நடக்கத்தான் வேண்டும் என்பதில்லை. மைக்கேல் கீட்டனைப் பேட்மேனாக அறிவித்தபோது, சிரிப்பு நடிகருக்கு இந்த வேடமா என்று ரசிகர்கள் பல்லாயிரம் கடிதங்கள் எழுதினார்கள். 1989 இல் படம் வந்தது. இன்றும் அவரே சிறந்த பேட்மேன் என்று வாதாட ஆட்கள் இருக்கிறார்கள். ஹீத் லெட்ஜரை ஜோக்கராகப் போட்டபோதும் ஏச்சு விழுந்தது. அவர் இறந்த பிறகு 2009 இல் அந்த வேடத்துக்கே ஒஸ்கார் கொடுத்தார்கள். கடிதம் எழுதிய அந்த ரசிகர்களுக்குப் பேட்மேனைப் பற்றித் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். கீட்டனுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டுந்தான் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

சூப்பர்மேன் விடயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை, தம்பி. அடி வாங்குகிறவர் வீரரில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1938 இல் வந்த முதல் இதழைத் தேடி வாசியுங்கள். அதில் அவர் வேற்றுக்கிரக அரக்கர்களோடு மோதவில்லை. குற்றமற்ற ஒரு பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேற்றவிடாமல் தடுக்கிறார், மனைவியை அடிக்கிற ஒருவனைப் பிடித்து உலுக்குகிறார், ஊழல் அரசியல்வாதியின் பின்னால் போகிறார். ஏழைகளுக்காகக் கோபப்படும் மனிதராகத்தான் அவர் பிறந்தார். 2025 படத்தில் அவர் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் படையோடு நுழைவதைத் தடுத்துவிட்டு, "உனக்கு யார் அதிகாரம் தந்தது?" என்று கேட்கப்படும்போது ஆட்கள் செத்திருப்பார்கள் என்று பதறுகிறார். அந்தப் பதற்றம்தான் பழைய சூப்பர்மேன்.

அதே படத்தில் எனக்குப் பிடிக்காத மாற்றம் ஒன்றும் உண்டு. அழியப்போகும் கிரகத்திலிருந்து குழந்தைச் சூப்பர்மேனைப் பூமிக்கு அனுப்பிய தாய் தகப்பன், பூமியின் மக்களை ஆளச் சொல்லி அனுப்பினார்கள் என்று கதையை மாற்றிவிட்டார்கள். வளர்த்தவர்களின் அன்பே அவரை ஆக்கியது என்று காட்ட விரும்பியிருக்கிறார்கள், காரணம் புரிகிறது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று அனுப்பிய பெற்றோரை அப்படிக் காட்டியது, நான் முன்னே சொன்ன அந்தக் காயத்திலேயே கை வைத்த மாற்றம்.

இதை நான் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன். 1983 க்குப் பிறகு எத்தனை வீடுகளில் காணியை விற்று, நகையை ஈடு வைத்துப் பிள்ளையை மட்டும் அனுப்பினார்கள் என்பது நமக்குத் தெரியும். சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் ஐரோப்பாவிலிருந்து புலம்பெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஷூஸ்டர் பிறந்தது ரொறன்ரோவில், உங்கள் அண்ணா இப்போது இருக்கும் அதே நகரத்தில். சிறுவயதில் அங்கே அவர் பத்திரிகை விற்றார், சூப்பர்மேன் சாதாரண மனிதராக வாழும்போது எடுக்கும் பெயரான கிளார்க் கென்ட் முதலில் வேலை செய்த பத்திரிகைக்கு மாதிரியும் அந்த நகரத்துப் பத்திரிகைதான். இருவரும் சேர்ந்து தங்கள் பாத்திரத்தின் முழு உரிமையையும் 130 டொலருக்கு விற்றுவிட்டார்கள். 1975 இல் பெரும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் நிறுவனம் அவர்களுக்கு ஓய்வூதியம் கொடுத்துப் பெயரையும் திரும்பப் போட்டது.

இப்போது உங்கள் அண்ணாவை நினைத்துப் பாருங்கள். பத்து வயதில் தாயை விட்டுவிட்டு, தெரியாத ஊரில், தெரியாத மொழியில் இறங்கியவர். பகலில் அந்த ஊர்க்காரர் மாதிரி நடந்துகொண்டு, உள்ளே வேறோர் ஊரைச் சுமக்கிற ஒருவரின் கதை அவர் கையில் கிடைத்திருக்கிறது. நீங்களோ பிறந்த ஊரிலேயே வளர்ந்தவர். தாய் தகப்பனைப் பறிகொடுத்த பின்னும் தன் நகரத்தைக் கைவிடாத, அது எவ்வளவு சீரழிந்தாலும் அங்கேயே நின்று காவல் காக்கிற பேட்மேன் உங்களுக்கு உயிராக இருக்கிறார். இது என் ஊகம்தான். அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார், நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள். "சூப்பர்மேன் ஒரு வீரரா?" என்று நீங்கள் கேட்டபோது அவருக்கு வேறெங்கோ வலித்திருக்கக்கூடும். நீங்களே முதலில் அழையுங்கள். மன்னிப்புப் பேச்செல்லாம் வேண்டாம். "அண்ணா, முதன்முதலில் சூப்பர்மேனை எங்கே, எப்போது வாசித்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு அவர் கதைக்கட்டும்.

அப்பாவின் ஏச்சுக்கும் அந்தத் தகரப் பெட்டியிலேயே வழி இருக்கிறது. முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து 1972 இல் வரத் தொடங்கியது, முதல் இதழே இரும்புக்கை மாயாவி. அது இங்கிலாந்தில் 1962 இல் வந்த கதை. ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் மலைக்க வைக்கின்றன. உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். 1990 க்குப் பிறகு பல வருடங்கள் இந்தக் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. பழைய மாயாவி இதழ்களை அப்போது குப்பி விளக்கில் கைமாற்றி வாசித்தவர்கள் இன்று அப்பாவின் வயதில் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றாலும், மாமா யாரிடம் இரவல் வாங்கினார், எங்கே வாங்கிச் சேர்த்தார் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும். பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள், கறையான் ஏறிவிடும்.

இன்னொன்று. அந்தப் பெட்டியில் ஸ்பைடர் இதழ்களும் இருக்கக்கூடும். சிலந்தி மனிதனைச் சொல்லவில்லை, வலைத் துப்பாக்கியோடு வருகிற, முதலில் குற்றச் சக்கரவர்த்தியாக இருந்த அந்த இங்கிலாந்து ஸ்பைடர். லயன் காமிக்ஸ் 1984 இல் தொடங்கிய காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளைப் பைத்தியமாக்கிய பாத்திரம். அக்கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெரி சீகல். அண்ணாவின் சூப்பர்மேனும் மாமாவின் ஸ்பைடரும் ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தவர்கள். அண்ணாவுக்கு இது தெரியுமா என்று கேளுங்கள்.

அபிப்பிராயங்களைத் தொலைபேசியில் கத்திக் கரைக்காமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். படம் வருவதற்கு முன், அந்தப் பாத்திரத்தில் எதைத் தொடக்கூடாது என்று நினைக்கிறீர்கள், ஏன், எந்த இதழை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒரு பக்கம். படம் பார்த்த அன்றிரவே எதிர்ப்பக்கத்தை எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில்தான் உங்கள் எழுத்துக்கு உயிர் வரும். தமிழில் காமிக்ஸைப் பற்றி இப்படிக் காரணத்தோடு எழுதுகிறவர்கள் போதாது, நீங்கள் எழுத வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

இனி, எந்தப் படம் என்ற கேள்வி. டூம் வரும் அவெஞ்சர்ஸ் படம் 2026 டிசெம்பர் 18 என்றும், பேட்மேனின் அடுத்த பாகம் 2027 ஒக்டோபர் 1 என்றும் அறிவித்திருக்கிறார்கள். டிசெம்பர் படத்துக்கு நீங்கள் போகத்தான் வேண்டும், இவ்வளவு கோபப்பட்டுவிட்டுப் பார்க்காமல் இருப்பது சரியில்லை. ஆனால் ஒரு டிக்கெட்டுக்கு மட்டும் காசு இருந்தால் நான் 2026 ஜூலை 31 இல் வரவிருக்கும் ஸ்பைடர்மேனைத்தான் தெரிவு செய்வேன். 2021 படத்தின் முடிவில் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரை உலகமே மறந்துவிடுகிறது. காதலியும் நண்பனும்கூட அவனை அடையாளம் காணவில்லை. வாடகை அறையில் தனியே இருந்து தன் உடையைத் தானே தைக்கிறான். 1962 இல் ஸ்டீவ் டிட்கோ வரைந்த அந்தக் காசில்லாத, தனித்துப்போன பையனுக்கு இத்தனை படங்களில் இவ்வளவு அருகே யாரும் வந்ததில்லை என்பது என் எண்ணம். அங்கிருந்து கதையை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆவலாக இருக்கிறது.

அண்ணாவையும் அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் ரொறன்ரோ நேரம் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். நீங்கள் பகல் காட்சி முடிந்து வெளியே வரும்போது அவர் இன்னும் பார்த்திருக்கமாட்டார். அவர் பார்த்துவிட்டு அழைக்கும்வரை கதையைச் சொல்லிவிடாதீர்கள்.