அனஸ்தாசிஸ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அண்ணன் மகளுக்கு அனஸ்தாசியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'அனஸ்தாசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம், உயிர்த்தெழுதல் என்று பொருளாம். ஆயர் சொன்னார். இது கிறிஸ்தவர்கள் உண்டாக்கிய சொல்லா?

ஜோ

அன்புள்ள ஜோ,

இல்லை, முன்பே இருந்தது. 'அனா' என்றால் மேலே, 'ஸ்தாசிஸ்' என்றால் நிற்றல். எழுந்து நிற்பது, அவ்வளவுதான். நம் சொல்லில் உயிரும் இருக்கிறது, எழுதலும் இருக்கிறது. கிரேக்கத்தில் எழுதல் மட்டும். அதனால் அது எங்கெங்கோ போய்வந்திருக்கிறது. பாரசீகருக்குப் பயந்து அயோனியாவை, அதாவது இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த கிரேக்க ஊர்களை, காலி செய்துவிடலாமா என்று கிரேக்கர்கள் சாமோஸ் தீவில் கூடி யோசித்தார்களே, அந்த ஊர் கிளப்பலுக்கும் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதே சொல்லைத்தான் போடுகிறார்.

செத்தவர் எழுவது என்ற பொருளும் பழையதுதான். ஆனால் அது நடக்காது என்று சொல்வதற்காக. கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் நாடகத்தில், தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸின் வழக்கு நடக்கிறது. அவனுக்காக வாதாடும் அப்பல்லோ, ஒருமுறை செத்தவனின் ரத்தத்தை மண் குடித்துவிட்டால் அப்புறம் அனஸ்தாசிஸ் கிடையாது என்கிறான். கடவுளே கைவிரிக்கிறார்! அந்த வழக்குக்காக அதீனா தேவி ஏற்படுத்தும் மன்றம்தான் அரியோபாகஸ்.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அதே அரியோபாகஸுக்குப் பவுலை அழைத்துப் போனார்கள். செத்தவர் எழுந்தார் என்று அவர் சொன்னதும் சிலர் சிரித்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம். எனக்கு அந்தச் சிரிப்பில் வியப்பில்லை. அவர்களுடைய அப்பல்லோ முடியாது என்று சொல்லிவிட்ட விஷயம். அதற்கு முன்பே சந்தையில் அவர் பேசியதைக் கேட்டு, 'யாரோ அந்நிய தெய்வங்களைப் பற்றிச் சொல்கிறான்' என்றும் சிலர் நினைத்திருந்தார்கள். அனஸ்தாசிஸ் பெண்பால் சொல். அதை ஒரு தேவியின் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள் என கி.பி. 400 வாக்கிலேயே யோவான் கிறிசோஸ்தம் என்ற ஆயர் விளக்கம் சொன்னார். ஏசு ஒருவர், அவர் பக்கத்தில் அனஸ்தாசிஸ் என்று ஓர் அம்மன்!

கிறிஸ்தவம் செய்தது, 'கிடையாது' என்பதோடு ஒட்டியிருந்த சொல்லை 'உண்டு' என்பதோடு சேர்த்ததுதான். ஜெருசலேமில் நாம் கல்லறைக் கோயில் என்பதைக் கிரேக்கர்கள் இன்றும் அனஸ்தாசிஸ் கோயில் என்றே சொல்கிறார்கள்.

பெயர் நல்ல பெயர். சுருக்குவதில் மட்டும் கவனம். கிரேக்கர்கள் தாசியா என்பார்கள், ரஷ்யர்கள் நாஸ்தியா என்பார்கள். இரண்டும் நம்மூர்க் காதுக்கு ஆகாது.