தொண்ணூறு வருஷம் மார்ச் பண்ண பசங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், அமெரிக்கால "த கேடட்ஸ்"னு தொண்ணூறு வருஷமா இருந்த பசங்க பேண்டு 2024ல மூடிட்டாங்க, மனசு கேக்கலன்னு. அவ்ளோதான், அதுக்கு வந்த கேள்விகளப் பாத்தா இந்த வாரம் வேற எதுவும் எழுத முடியாது போல. சினிமா கேள்வி அனுப்புனவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

பேண்டு மூடுனதுக்கா சார் இவ்ளோ சோகம்? அது ஏதாவது ஸ்கூல் பேண்டா? (சேலம்)

ஸ்கூலும் இல்ல, காலேஜும் இல்ல, மிலிட்டரியும் இல்ல, அங்கதான் விஷயமே இருக்கு. இதுக்குப் பேரு டிரம் கோர். பித்தளை வாத்தியம், டிரம்மு, அப்புறம் கொடி, மர ரைஃபிள் எல்லாம் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற கலர் கார்ட், இந்த மூணும்தான். கிளாரினெட், சாக்ஸஃபோன், ஃப்ளூட் எதுவும் கிடையாது. அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் முழுக்க நூத்தம்பது பேர் ஓடிக்கிட்டே வாசிப்பாங்க, ஷோ பத்து பன்னெண்டு நிமிஷம்தான், ஆனா அந்தப் பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு கோடை முழுக்கப் போயிடும். சீசன் ஆரம்பிக்கிறப்ப வயசு 21க்கு மேல இருக்கக் கூடாது. தாண்டிட்டா இடம் கிடையாது, "ஏஜ் அவுட்" ஆயிட்டான்னு சொல்லுவாங்க, கடைசி ஷோ முடிஞ்சதும் மைதானத்துலயே உக்காந்து அழுவுற பசங்க வீடியோ நெட்ல நிறைய கிடக்கு, நானும் நடுராத்திரில பாத்துட்டு கண்ணைத் தொடச்சவன்தான்.

சர்ச்ல ஆரம்பிச்சதா கேள்விப்பட்டேன், உண்மையா? (பாளையங்கோட்டை)

உண்மைதான். 1934, நியூ ஜெர்சில கார்ஃபீல்டுன்னு ஒரு சின்ன ஊரு, அங்க ஹோலி நேம்னு ஒரு கத்தோலிக்கக் கோயில், அந்தப் பங்கை, அதாவது அந்தக் கோயில் வட்டாரத்தைச் சேர்ந்த பசங்கதான். அதனால முதல் பேரு ஹோலி நேம் கேடட்ஸ். யூனிஃபார்ம் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி கேடட்டுங்க போடுறத பாத்துத் தச்சது, மெரூன் கலர் கோட்டு, தலைல உசரமா ஷேக்கோ தொப்பி. கடைசி வரைக்கும் சின்னச் சின்ன மாத்தத்தோட இதேதான் அவங்க அடையாளம்.

ஆனா சர்ச்ல மட்டும் இது முளைக்கல. முதல் உலகப் போர்ல சண்டை போட்ட சிப்பாய்ங்க அமெரிக்கன் லீஜன்னு 1919ல சங்கம் வச்சாங்க, அவங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சது மிலிட்டரில கத்துக்கிட்ட பியூகிள்ங்கிற பித்தளை ஊதுகொம்பும் டிரம்மும்தான், அதையே ஊர் ஊரா வாசிச்சு 1921ல கான்சாஸ் சிட்டில தேசியப் போட்டியே வச்சுட்டாங்க. அப்புறம் அவங்க பிள்ளைங்களுக்கு ஜூனியர் கோர். ஒரு ஊர்ல லீஜன் கிளை நடத்தும், இன்னொரு ஊர்ல பங்குச் சாமியார் நடத்துவார், விஸ்கான்சின்ல மேடிசன் ஸ்கவுட்ஸ் மாதிரி சாரணர் படைல இருந்து வந்ததும் உண்டு. வேலைக்குப் போற குடும்பத்துப் பசங்க, சாயங்காலம் தெருவுல சும்மா சுத்தாம இருக்கட்டும்ங்கிற கணக்குதான். வாத்தியம் கோர் குடுக்கும். பையன் நடந்தே பயிற்சிக்கு வந்துடுவான்.

கேடட்ஸ் 1940கள்லயே லீஜன் தேசியப் பட்டமெல்லாம் அடிச்சுட்டாங்க. 1950களோட கடைசில பங்குக்கும் கோருக்கும் ஒத்துப்போகாம பிரிஞ்சாங்க, கோயில் பேரு போய் கார்ஃபீல்டு கேடட்ஸ் ஆச்சு. பேரு மாறுறத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடி வரும்.

"கோர்" இல்ல ஐயா, "கார்ப்ஸ்"னு எழுதணும். எழுத்துப் பிழை! (கும்பகோணம்)

அந்த இங்கிலீஷ் எழுத்துக்கூட்டுல (corps) இருக்கிற கடைசி ரெண்டு எழுத்தும் ஊமை. நீங்க சொல்ற மாதிரி உச்சரிச்சா வேற அர்த்தம் வந்துடும், பொணம்னு.

இதுக்கெல்லாம் தலைமை அமைப்பு யாரு? ஐ.சி.சி. மாதிரி ஏதாவது? (கோவை)

இருக்கு, டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமா டி.சி.ஐ. அது வந்த கதை ஒரு சின்னப் புரட்சி. 1970 வரைக்கும் எல்லாத்துக்கும் எஜமான் அமெரிக்கன் லீஜனும் வி.எஃப்.டபிள்யூன்னு இன்னொரு பழைய சிப்பாய் சங்கமும். ரூல் அவங்க, ஜட்ஜ் அவங்க, கொடியை எப்படிக் கொண்டு வரணும்னும் அவங்கதான் சொல்லுவாங்க. கோர் நடத்துறவங்க பாத்தாங்க, டிக்கெட் விக்கிறது எங்க பசங்களால, டீசல் போட்டு ஆயிரம் மைல் வர்றது நாங்க, பரிசுப் பணம் மட்டும் ஜெயிச்சாத்தானா? சிகாகோ கேவலியர்ஸோட டான் வாரனும் வயோமிங் ட்ரூப்பர்ஸோட ஜிம் ஜோன்ஸும் முன்ன நிக்க, 1971ல மேற்குப் பக்கம் அஞ்சு கோர் "கம்பைன்"னு ஒரு கூட்டு போட்டாங்க, கிழக்குல அதே மாதிரி "அலையன்ஸ்"னு இன்னொண்ணு, அதுல நம்ம கார்ஃபீல்டு கேடட்ஸும் பாஸ்டன் க்ரூசேடர்ஸும் உண்டு. ரெண்டும் சேந்ததுதான் டி.சி.ஐ. முதல் சாம்பியன்ஷிப் 1972ல விஸ்கான்சின்ல வைட்வாட்டர்ங்கிற ஊர்ல, ஜெயிச்சது கலிஃபோர்னியாவோட அனஹைம் கிங்ஸ்மென்.

புரட்சி பண்ணவங்க எல்லாருக்கும் பலன் கிடைக்கல. 1972லேர்ந்து 1982 வரைக்கும் பதினோரு பட்டம், அதுல பத்து கலிஃபோர்னியாக்கே போச்சு, சாண்டா கிளாரா வேன்கார்டும் கான்கார்டு ஊரு புளூ டெவில்ஸும் மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டாங்க, 1975 ஒண்ணு மட்டும் மேடிசன். கிழக்குக்காரங்களுக்கு ஒண்ணுமே இல்ல. இன்னொண்ணு, பழைய சங்கங்க கிட்டேருந்து விடுதலை கெடச்சது சரி, ஊருக்கு ஒரு லீஜன் கிளை பின்னாடி நின்னுச்சே, அந்த ஆதரவும் மெல்ல மெல்லப் போச்சு, சின்ன ஊர் கோருங்க நூத்துக்கணக்குல காணாமப் போனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

பாட்டுப் போட்டில மார்க் போடலாம், மார்ச் பண்றதுக்கு எப்படி மார்க்? (விருதுநகர்)

நல்ல கேள்வி, இந்த வாரத்துலயே எனக்குப் பிடிச்ச கேள்வி.

பழைய முறைக்குப் பேரு "டிக்". எல்லாருக்கும் ஆரம்பத்துல முழு மார்க்கு, ஜட்ஜ் கைல அட்டையும் பென்சிலும் வச்சுக்கிட்டு மைதானத்துக்குள்ளயே பசங்களுக்கு நடுவுல நடந்து போவார், ஒருத்தன் கால் தப்புனா ஒரு கோடு, ரெண்டு டிரம்மு ஒண்ணா விழலன்னா ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் பத்துல ஒரு பங்கு மார்க் போயிடும். கணக்கு வாத்தியார் பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரியேதான். இதுல என்ன ஆகும்? கஷ்டமானத ட்ரை பண்ணி ரெண்டு தப்பு பண்றவன விட ஈஸியானத தப்பில்லாம பண்றவன் ஜெயிப்பான், அதனால எல்லாரும் நேர்க்கோடு, சதுரம், இந்தப் பக்கம் இருக்கிறது அப்படியே அந்தப் பக்கமும்னு சமச்சீரா நடந்துட்டு இருந்தாங்க. பாக்க கம்பீரம்தான், மறுக்கல, ஆனா அஞ்சாவது கோர் வர்றப்ப கொட்டாவி வந்துடும்.

இங்கதான் ஜார்ஜ் ஜிங்காலின்னு ஒரு ஆளு வர்றார். கிழக்குல 27வது லான்சர்ஸ்னு ஒரு கோருக்கு டிரில் எழுதிட்டு இருந்தவர். டிரில் எழுதுறதுன்னா பேப்பர்ல ஒவ்வொரு பையனுக்கும் ஒரு புள்ளி, இந்த இசைக்கு இந்தப் புள்ளி, அடுத்த பதினாறு தாளத்துல அந்தப் புள்ளி, பசங்க அத "டாட்"னு சொல்லுவாங்க, கழுத்துல தொங்குற குட்டி நோட்டுல குறிச்சு வச்சுக்குவாங்க. அடிப்படைக் கணக்கு அஞ்சு கெஜத்துக்கு எட்டு ஸ்டெப்பு, அதாவது ஒரு ஸ்டெப்பு இருபத்திரண்டரை அங்குலம், கண்ண மூடிட்டு நடந்தாலும் அதே இருபத்திரண்டரை வரணும். ஜிங்காலி கேடட்ஸுக்கு எழுதுனதுல நேர்க்கோடே இல்லங்கிற மாதிரி ஆயிடுச்சு, வளைவு ஒண்ணு இழுபட்டு இழுபட்டு இன்னொரு வளைவுக்குள்ள புகுந்து போகும், சமச்சீர் கிடையாது, ஸ்டெப்பும் பெருசு வேகமும் ஜாஸ்தி, அதுவும் ட்ரம்பெட் மாதிரி ஒண்ண உதட்டுல வச்சு ஊதிக்கிட்டே ஓடணும், பல்லு உடையாம இருந்ததே பெருசு.

இதைச் செஞ்சது எந்த வருஷம்? 1983, டிக் முறை இருந்த கடைசி வருஷம்! பென்சில் வச்சிருக்கிற ஜட்ஜ் முன்னாடி இவ்ளோ ரிஸ்க் எடுத்து, மயாமில நடந்த ஃபைனல்ஸ்ல பட்டமும் அடிச்சுட்டாங்க, கிழக்குப் பக்கத்துக்கு டி.சி.ஐ. பட்டம் வந்தது அதான் முதல் தடவ. அடுத்த வருஷம் டிக் போயிடுச்சு, எவ்ளோ தப்புங்கிறத விட எவ்ளோ கஷ்டமானத எவ்ளோ நல்லா பண்றாங்கன்னு பாத்து மார்க்கு. அப்புறம் கேக்கணுமா, 1984, 1985 ரெண்டும் கேடட்ஸ்தான், தொடர்ந்து மூணு வருஷம் ஜெயிச்ச முதல் கோர். 1984ல லியனார்ட் பெர்ன்ஸ்டைனோட வெஸ்ட் சைட் ஸ்டோரி இசைய எடுத்தாங்க, அந்தப் பழைய வீடியோ கலர் மங்கி கெடக்கும், பரவால்ல, ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்க.

மொத்தம் பத்து டி.சி.ஐ. பட்டம். 1993ல ஸ்டார் ஆஃப் இண்டியானாவ வெறும் 0.1ல ஜெயிச்சாங்க, அத நியாயம் இல்லன்னு சொல்றவங்க இன்னிக்கும் சண்டை போடுறாங்க (அந்த ஸ்டார் ஷோவப் பாத்துட்டு நானும் கொஞ்சம் அந்தக் கட்சிதான்). 2000ல கேவலியர்ஸோட டை. 2005ல நூத்துக்கு 99.15 எடுத்து ஜெயிச்சாங்க. கடைசிப் பட்டம் 2011.

அது பியூகிளா ட்ரம்பெட்டா? (திருச்சி)

முன்னாடி பியூகிள், இப்போ ஏறக்குறைய ட்ரம்பெட். சிப்பாய் ஊதுற பியூகிள்ல பொத்தானே கிடையாது. கோர்ல ஜி சுருதில வச்சிருந்தாங்க, கொஞ்சம் கொஞ்சமா வால்வு, அதாவது அந்தப் பொத்தான் சேத்தாங்க, 1977ல ரெண்டு வால்வு, 1990ல மூணு, 2000ல எந்தச் சுருதி வேணா வச்சுக்கலாம்னு ரூல். 2004ல மைக், 2009ல சிந்தசைசர். மைக் வந்ததும் கேடட்ஸ் ஷோ நடுவுல ஆளுங்கள விட்டுப் பேச வச்சாங்க, 2007, 2008 ரெண்டு வருஷமும் வசனமா போச்சு, ரசிகர்கள் கடுப்பாயிட்டாங்க. வாசிக்கத் தெரிஞ்ச பசங்க வாசிச்சாலே போதுமே, எதுக்கு வசனம்? நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் அக்கா பையன் டெக்சாஸ்ல படிக்கிறான், டிரம் கோர்ல சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். சம்பளம் தருவாங்களா? அனுப்பலாமாண்ணே? (ஈரோடு)

சம்பளமா! நீங்கதாம்மா கட்டணும். ஒரு சீசனுக்கு சில ஆயிரம் டாலர் ஆகும், செலக்‌ஷன் முகாமுக்கு ஃப்ளைட் டிக்கெட் தனி. மே மாசக் கடைசில பயிற்சி ஆரம்பிச்சா ஆகஸ்ட்ல இண்டியானாபொலிஸ் ஃபைனல்ஸ் வரைக்கும் வீட்டுப் பக்கமே வர முடியாது, ராத்திரி பஸ்ல தூக்கம், இல்லன்னா ஏதோ ஒரு ஊர் ஸ்கூல் ஜிம் தரைல பாய விரிச்சு, காலைல எந்திரிச்சு வெயில்ல பத்துப் பன்னெண்டு மணி நேரம் பயிற்சி, சாப்பாடு லாரில சமைச்சு அதுலேருந்தே போடுவாங்க, அத ஆக்கிப் போடுறது முக்காவாசி பசங்களோட அப்பா அம்மா. இதுக்குத்தான் காசு கட்டிப் போறாங்க, அடுத்த வருஷமும் போறாங்க.

நடந்தே பயிற்சிக்கு வந்த கார்ஃபீல்டு பையனும் உங்க அக்கா பையனும் ஒரே ஆட்டத்துலதான் இருக்காங்களான்னு எனக்குச் சந்தேகம். அனுப்பலாமான்னு கேட்டீங்க, பையனுக்கு உடம்புல தெம்பும் உங்க அக்காவுக்கு வங்கில தெம்பும் இருந்தா அனுப்பலாம். ஆனா அதுக்கு முன்னாடி அந்த கோர்ல பிள்ளைங்க பாதுகாப்புக்கு என்ன விதி இருக்கு, புகார் சொல்லணும்னா டைரக்டரத் தாண்டி யாருகிட்ட சொல்றதுன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. ஏன் சொல்றேன்னு அடுத்த பதில்ல இருக்கு.

அவ்ளோ பட்டம் ஜெயிச்சவங்க ஏன் சார் மூடுனாங்க? காசு இல்லியா? (மதுரை)

காசும் இல்ல, ஆனா கதை அதுல ஆரம்பிக்கல.

1982லேர்ந்து முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல அந்த கோருக்கு ஒரே டைரக்டர். அந்தப் பத்து டி.சி.ஐ. பட்டமும் அவர் காலத்துலதான். 2018ல பிலடெல்ஃபியா பத்திரிகைல ஒன்பது பெண்கள் அவர் மேல பாலியல் புகார் சொன்னாங்க, சிலது பல வருஷத்துக்கு முந்தினது, மனுஷன் ராஜினாமா பண்ணிட்டுப் போனார். அதுக்கப்புறம் 1980கள்ல நடந்ததா சொல்லப்படுற ஒரு பாலியல் கொடுமை பத்தி முன்னாள் மெம்பர் ஒருத்தர் வழக்கு போட்டார். அதைத் தாங்கிப் பிடிக்க அமைப்புல பலம் இல்ல, 2024ல சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே திவால் சொல்லி மூடிட்டாங்க. அது அவங்க 90வது வருஷம்.

இதுல எனக்குப் பசங்க மேல வருத்தம், அமைப்பு மேல கோபம். கேஸ் போட்டதாலதான் கோர் போச்சுன்னு புலம்புற பழைய ரசிகர்கள் இருக்காங்க, அது தப்பு, கேஸ் போட்டவங்க கெடுக்கல, அத்தன வருஷமா கேள்வி கேக்க ஆள் இல்லாம வச்சிருந்ததுதான் கெடுத்துச்சு. பேரு மாறுறத ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல? முதல்ல ஹோலி நேம், அப்புறம் கார்ஃபீல்டு, அப்புறம் பெர்கன் கவுன்ட்டி கேடட்ஸ், அப்புறம் ஊர் பேரே இல்லாம வெறும் "த கேடட்ஸ்", ஆபீஸ் பென்சில்வேனியால அலன்டவுனுக்குப் போய் கடைசில ஈரி. பசங்க நாடு முழுக்க இருந்து வந்தாங்க, ஷோ ஏறிக்கிட்டே போச்சு, ஆனா பங்குச் சாமியாரோ, தெருவுல நிக்கிற அம்மாக்களோ, "என்னய்யா நடக்குது உள்ள"ன்னு கதவத் தட்டிக் கேக்க ஒரு ஊரே அதுக்கு இல்லாமப் போச்சு. சாமியார் இருந்தா எல்லாம் சரியா இருந்திருக்கும்னு சொல்ல வரல, சர்ச்சுங்க கதையும் நமக்குத் தெரியும். டைரக்டருக்கு மேல ஒருத்தர் நிஜமா இருந்திருக்கணும், அதான்.

இப்ப யாரு சார் டாப்பு? (தஞ்சாவூர்)

கணக்குப்படி புளூ டெவில்ஸ், 2023 வரைக்கும் 21 பட்டம், பக்கத்துல ஆளே இல்ல. 2024ல ஒஹையோ புளூகோட்ஸ். 2025ல பாஸ்டன் க்ரூசேடர்ஸ் ஜெயிச்சாங்க, இவங்களும் 1940ல பாஸ்டன்ல ஒரு கத்தோலிக்கப் பங்குல பொறந்தவங்கதான், 1971ல கேடட்ஸ் கூடவே அந்த அலையன்ஸ்ல கையெழுத்துப் போட்டவங்க. டி.சி.ஐ. பட்டம் இதுதான் அவங்களுக்கு முதல் தடவ. ஃபைனல்ஸ் வீடியோ வந்ததும் நான் முதல்ல தேடுனது மெரூன் கோட்ட, பழக்க தோஷம்.